பிள்ளை அமெரிக்கப் பிரஜை, சூராட் பெரானாக் மைலோ டின்னில்

அமெரிக்காவில் இருக்கும் சொந்தம் மூலம் அங்கே குடியேறுவது பற்றி இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. படிக்கப் போன பிள்ளைகள் அங்கேயே வேலை பார்த்து, கிரீன் கார்டு வாங்கி, இப்போது அமெரிக்கக் குடியுரிமையும் எடுத்துவிட்டார்கள். அடுத்து நாம்தானே!

மகனுக்கு 29 வயது. போன வருடம் பிரஜை ஆனான். என்னையும் அவன் அப்பாவையும் 17 வயது தங்கையையும் ஒரே பாரத்தில் அழைத்துக்கொள்ளலாமா?

முடியாதும்மா. உறவினரை அழைக்கும் ஐ-130 பாரம் ஆளுக்கு ஒன்று. 21 வயது நிறைந்த பிரஜையின் தாய் தகப்பனுக்கு வருடக் கோட்டா கிடையாது, அது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பிரிவில் யாரும் யாரோடும் ஒட்டிக்கொண்டு போக முடியாது. உங்களுக்குப் போட்ட மனுவில் மகள் ஏற மாட்டாள். நீங்கள் போய் கிரீன் கார்டு கிடைத்த பிறகு அவளுக்கு நீங்கள் தனியாக மனுப் போட வேண்டும். அவள் 21 வயதுக்குள் இருந்தால் காத்திருப்பு குறைவு, தாண்டினால் பல வருடம். இடையில் கல்யாணம் பேசிவிடாதீர்கள். கிரீன் கார்டுக்காரர் மணமான பிள்ளைக்கு மனுப் போட முடியாது. போட்ட பிறகு தாலி ஏறினாலும் அந்த மனு செத்துவிடும்.

எங்களுக்கு 1979-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். பதிவு செய்யவில்லை. மகனின் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) என் பெயர் ஒரு மாதிரி, என் ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு மாதிரி. மனு நிற்குமா?

நிற்கும் ஐயா, வேலைதான் அதிகம். நான் பார்த்தவரை, அமெரிக்காவில் சிக்கிய மனுக்களைவிட நம் வீட்டு இரும்புப் பெட்டியில் சிக்கியவைதான் ஜாஸ்தி.

உறவைக் காட்ட, அம்மாவுக்கு மகனின் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருந்தால் போதும். அப்பாவுக்கு அதோடு பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு சமய வழக்கப்படி முறையாக நடந்த திருமணத்தைப் பதிவானதாகவே சட்டம் ஏற்கிறது. கையில் தாள் வேண்டும் என்றால் தேசியப் பதிவிலாகாவில் இப்போதும் பதிந்துகொள்ளலாம். உங்களுடையது 1979, அதனால் தப்பித்தீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கோயிலில் மட்டும் கட்டிய தாலிதான் தலைவலி. அப்படிப்பட்ட அப்பாக்கள், மகனுக்கு 21 வயது ஆகும் முன்பே உண்மையான தகப்பன்-பிள்ளை உறவு இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கும். பள்ளிக்கூடப் பதிவு, ஒரே லயத்து முகவரி, படிப்புக்குப் பணம் கட்டிய ரசீது, இவையெல்லாம் அப்போது உதவும்.

இப்போது பெயருக்கு வருவோம். போன மாதம் ஒரு பெரியவர் மைலோ டின் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே மகனின் சூராட் பெரானாக். மடிப்பெல்லாம் செல்லோடேப், நடுவில் டின்னின் துரு வட்டமாகப் படிந்திருந்தது. பிறப்பைப் பதிந்தபோது தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி சொல்லியிருக்கிறார். பெயரின் கடைசியில் ஒரு 'யு'. ஐசியில் அந்த 'யு' இல்லை, நடுவில் ஓர் எழுத்து கூடுதல். "ரெண்டும் நான்தானே தம்பி?" என்றார். அவர்தான். இதைக் காப்பாற்றியது பெயர் அல்ல, அதே தாளில் இருந்த அவருடைய ஐசி எண். முதலில் அந்த எண் பொருந்துகிறதா பாருங்கள். அப்புறம் இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று சத்தியப் பிரமாணம் எழுதி இணையுங்கள். மலாய்த் தாள்களுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கட்டாயம். தயவுசெய்து பேனாவால் எதையும் திருத்தாதீர்கள்.

அக்காள் அங்கே பிரஜை. எனக்கு 44 வயது, இரண்டு பிள்ளைகள். நாங்கள் தமிழர்கள் என்பதால் இந்தியா வரிசையில் சேர்ப்பார்களாமே?

இல்லை தம்பி. வரிசை பிறந்த நாட்டைப் பார்த்துத்தான், இனத்தைப் பார்த்து அல்ல. மலேசியாவில் பிறந்தவர் பொது வரிசையில் நிற்பார். இந்தியாவில் பிறந்து இங்கே நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு இருப்பவருக்குத்தான் இந்தியாவின் நீண்ட வரிசை, அவருடைய கணவனோ மனைவியோ இங்கே பிறந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. ஆனால் பொது வரிசையே லேசானதல்ல. உடன்பிறந்தோர் பிரிவுக்கு உலகம் முழுவதற்கும் வருடத்துக்கு 65,000 இடங்கள். மனைவியும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அதற்குள்தான் எண்ணப்படுகிறார்கள். 15 வருடத்துக்கு மேல் ஆகும். மனுப் போட்டு வையுங்கள், ஆனால் பிள்ளைகளின் படிப்பை அதை நம்பித் திட்டமிடாதீர்கள். உங்கள் முறை வரும்போது அவர்கள் வயது தாண்டியிருக்கலாம்.

என்னை வளர்த்தது ஆயாதான், அம்மாவைப் பெற்ற பாட்டி. அவருக்கு நான் மனுப் போடலாமா?

முடியாது. தாத்தா, பாட்டி, சித்தி, மாமா யாரும் பட்டியலில் இல்லை. உங்கள் அம்மா பிரஜை ஆனால், தன் அம்மாவுக்கு அவர் போடலாம்.

கிரீன் கார்டு வாங்கினால் மலேசியப் பிரஜைக்கான என் நீல ஐசி போய்விடுமா?

போகாது. கிரீன் கார்டு நிரந்தரவாசம் மட்டும்தான், உங்கள் பாஸ்போர்ட் மலேசியப் பாஸ்போர்ட்டாகவே இருக்கும். அங்கே குடியுரிமை எடுத்தால்தான் சிக்கல், மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

ஆனால் நம் பெரியவர்கள் செய்யும் தவறு வேறு. கார்டை வாங்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருக்கப்போவதாக இருந்தால் மறுநுழைவு அனுமதி வேண்டும், அதற்கான விண்ணப்பத்தை அமெரிக்காவில் இருக்கும்போதே போட வேண்டும். கோழியையும் வாழைத்தோட்டத்தையும் விட மனமில்லை, பேரப்பிள்ளையை இரண்டு மாதம் பார்த்தால் போதும் என்றால் சுற்றுலா விசாவே சரி. இதை மகன் ஐ-130 போடும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். குடியேற மனுப் போட்ட பிறகு சுற்றுலா விசா கேட்டால், திரும்பி வருவீர்கள் என்பதை அதிகாரி லேசில் நம்பமாட்டார்.