கையில் பிடிக்கும் லேசர் வெல்டிங் டார்ச் இருக்கிறதே, லேசர் துப்பாக்கி மட்டும் ஏன் வரவில்லை?

ராணிப்பேட்டை சிப்காட் பட்டறைகளில் 1.5 கிலோவாட் லேசர் டார்ச்சைக் கையில் பிடித்து எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு வெல்டு வைக்கிறார்கள், அதையே பெரிதாக்கி ட்ரோனைச் சுட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது லென்ஸும் நாசிலும்தான். லேசர் பிறப்பது பின்னால் சக்கரம் வைத்து நிற்கும் பெட்டியில். ஒளி தரும் டயோடு, அதை லேசராக மாற்றும் கண்ணாடி இழையான ஃபைபர், பவர் சப்ளை, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் எல்லாம் அதற்குள். அந்தப் பெட்டியை ஆள் சுமக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

10 கிலோவாட் ஒளி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் லேசர் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாகும். ஆக 30 கிலோவாட் உள்ளே போகும், 20 கிலோவாட் வெப்பமாக அங்கேயே தங்கும். பேட்டரியில் அவ்வளவு ஆற்றல் கொள்ளாது என்று பலரும் சொல்வது சரியல்ல. 10 நொடிக்கு 300 கிலோஜூல், அதாவது 83 வாட்-மணி. அரை கிலோ லித்தியம் செல்லில் அது இருக்கும். ஆனால் அவ்வளவு வேகமாக வெளியே எடுக்க முடியாது. பவர் டூலில் போடும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் 25 ஆம்பியர் கொடுத்தாலும் சுமார் 85 வாட்தான். 350 செல் தேவைப்படும். செல் எடை மட்டுமே 16 கிலோ.

வெப்பம் இதைவிடப் பெரிய தலைவலி. 10 நொடியில் சேரும் 200 கிலோஜூல், 2 லிட்டர் தண்ணீரை 24 டிகிரி ஏற்றிவிடும். ஃபைபருக்குள் ஒளியைச் செலுத்தும் பம்ப் டயோடு சூடேறினால் அந்த ஒளியின் அலைநீளம் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் அளவில் நகரும். இட்டர்பியம் என்ற தனிமம் கலந்த ஃபைபரோ 976 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் நன்றாக உறிஞ்சும். 10 டிகிரி கூடினால் 3 நானோமீட்டர் விலகல். ஒளி குறைந்து, உறிஞ்சப்படாத பங்கு இன்னும் வெப்பமாகிறது. அலைநீளத்தைப் பூட்டிவைத்த டயோடுகள் உண்டு, அவற்றுக்கும் எல்லை உண்டு. வேலூர் மே மாதத்தில் வெளியே 40 டிகிரி தாண்டும்போது தண்ணீரை 25 டிகிரியில் வைக்க ரேடியேட்டரும் விசிறியும் போதாது, கம்ப்ரசர் வேண்டும். அதைத் தவிர்க்க, முன்பே குளிரவைத்த தண்ணீரைச் சுமக்கலாம். சில முறை சுட்டதும் காத்திருக்க வேண்டியதுதான். அளவுக்கு மீறிக் குளிரவைத்தாலும் ஆபத்து. ஐப்பசி மழைக்காற்றில் லென்ஸின்மேல் ஈரம் படிந்தால், அடுத்த முறை சுடும்போது கோட்டிங் கருகும்.

அடுத்தது தூரம். டார்ச் கற்றை 15 செ.மீ. பக்கத்தில் குவிந்து, அதைத் தாண்டியதும் விரிந்துவிடும். 1 கி.மீ. தள்ளிக் குவிக்க லென்ஸ் அகலமாக இருந்தே ஆகவேண்டும். 1.07 மைக்ரான் ஒளியை 5 செ.மீ. லென்ஸ் எத்தனை துல்லியமானதாக இருந்தாலும் அங்கே சுமார் 5 செ.மீ. புள்ளியாகத்தான் விழவைக்கும், 30 செ.மீ. கண்ணாடி 1 செ.மீ.க்குள் அடக்கும். பரப்பில் 36 மடங்கு வித்தியாசம்! வெயிலில் தார்ச்சாலைமேல் நெளியும் காற்று அந்தப் புள்ளியையும் கலைக்கும். கை ஒரு மில்லிரேடியன் (சுமார் 0.06 டிகிரி) ஆடினால் அங்கே 1 மீட்டர் விலகல். லேசரோ அதே இடத்தில் சில நொடி நிலைத்து நிற்க வேண்டும். எனவே கேமராவைப் பார்த்து நொடிக்குப் பலமுறை திருத்தும் கண்ணாடி, அதை ஆடாமல் திருப்பும் தாங்கியான ஜிம்பல் என்று எடை கூடிக்கொண்டே போகும்.

2025 ஏப்ரல் 13 அன்று இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. ஆந்திராவின் கர்னூலில் செய்துகாட்டிய 30 கிலோவாட் லேசரும் வண்டியில் ஏற்றியதுதான். இன்றைய நிலையில் அதுவே சரியான இடம் என்பது என் கருத்து.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெல்டிங் டார்ச்சின் நாசில் உலோகத்தைத் தொட்டால்தான் லேசர் வரும்படி இன்டர்லாக் என்ற பாதுகாப்புப் பூட்டு இருக்கிறது. சோதித்துப் பார்க்கிறேன் என்று அதைத் தயவுசெய்து துண்டிக்காதீர்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழித்திரை வரை போகும். பளபளப்பான எஸ்.எஸ். தகட்டில் பட்டுத் தெறித்தால், பட்டறையின் மறுகோடியில் லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்பவருக்கும் நிரந்தரமாகப் பார்வை போகலாம்.