முகப்பை விடுங்கள், ஒரே ஒரு பக்கத்தை முதலில் செய்யுங்கள்

கேள்வி: எங்கள் பொழுதுபோக்குக் குழுவில் பதினைந்து பேர் இருக்கிறோம். சேர்த்த தகவல்களை எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு தளம் செய்ய ஆசை. யாருக்கும் நிரல் எழுத வராது. எங்கிருந்து தொடங்குவது?

நான் தருமபுரியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு நடுகல் தேடிக் கிளம்பிவிடுவேன். சண்டையில் இறந்த வீரனுக்காக அந்தக் காலத்தில் நட்டுவைத்த கல்தான் நடுகல். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, ஓசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏரிக்கரையிலோ கொல்லை ஓரத்திலோ ஒரு கல் நின்றுகொண்டிருக்கும். அவற்றுக்காக நாங்களே ஒரு தளம் கட்டினோம், அதுவும் இரண்டு முறை.

முதல் முறை முகப்பில் தொடங்கினோம். மேலே படங்கள் தானாக நகரும், கறுப்புப் பின்னணி, பெரிய தலைப்பு. அதற்கே மூன்று வாரம் போனது. பிறகு முதல் கல்லை ஏற்ற உட்கார்ந்தால், அதைப் பற்றி எந்த வரிசையில் என்ன எழுதுவது என்று யாரிடமும் தெளிவு இல்லை. ஒருவர் கதையாக எழுதினார், இன்னொருவர் இரண்டு வரியோடு நிறுத்தினார். களத்தில் நின்று அந்தத் தளத்தைத் திறந்தால், சிக்னல் சரியாக இல்லாத இடத்தில் முகப்புப் படமே வந்து முடியாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

இரண்டாம் முறை கணினியைத் தொடவில்லை. அரூர்ப் பக்கம் ஒரு கல்லின் முன்னால் தாளோடு உட்கார்ந்தோம். இதைப் பார்க்க வருகிற ஒருவர் என்னென்ன கேட்பார்? எந்த ஊர், எந்த வட்டம், உயரம் எவ்வளவு, வீரன் கையில் வில்லா வாளா, உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, காலருகே கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் (சிறு மூடிப் பெட்டி) இருக்கின்றனவா, எழுத்து உண்டா, இப்போது யார் கும்பிடுகிறார்கள். அந்தத் தாள்தான் எங்கள் தளத்தின் அடிப்படை. உங்கள் குழு எதைச் சேர்த்தாலும், பறவையோ பழைய நாணயமோ, ஒரே ஒரு பொருளுக்கான பக்கத்தை முதலில் முழுதாகச் செய்து பாருங்கள். முகப்பு கடைசியில் தானாக அமையும்.

தாளில் எழுதும்போதே சிக்கல்கள் கண்ணில் படும். எங்களுக்கு முதலில் இடித்தது 'ஆண்டு'. எழுத்துள்ள பழைய நடுகற்களில் 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயரும், அவன் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு என்பதும் இருக்கும். கி.பி. கணக்கு இருக்காது. நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் கணித்துச் சொல்வது. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், எது கல்லில் இருப்பது, எது கணிப்பு என்று பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் இரண்டு கட்டமாக்கினோம். எழுத்தே இல்லாத கல்லுக்கு முதல் கட்டம் காலியாகவே இருக்கும். இருக்கட்டும்.

அடுத்தது மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதற்கு முன் வந்த நூல்களில் அந்த ஊர்கள் எல்லாம் தருமபுரி மாவட்டம். 1965க்கு முன்னால் போனால் இரண்டும் சேலம். ஆகவே 'நூலில் உள்ள மாவட்டம்', 'இன்றைய மாவட்டம்' என்று தனித்தனியாக வைத்தோம்.

தேடல் பெட்டியில்தான் அதிக நாள் செலவானது. ஊர்ப்பெயரையே தருமபுரி, தர்மபுரி என்று இரண்டு விதமாக எழுதுகிறோம். கிருஷ்ணகிரி, கிருட்டிணகிரி என்றும் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் மாற்று எழுத்துகளை மறைவாக ஒரு கட்டத்தில் சேர்த்துவிட்டோம். எதைத் தட்டினாலும் கல் கிடைக்கும். இன்னொன்று, இன்று கணினியிலும் செல்போனிலும் பொதுவாக இருக்கும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. 'கொல்லை' என்று தேடி ஒன்றும் வராதபோது நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமித்த பிறகுதான் சரியானது. யூனிகோடு அல்லாத பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு ஆள் வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும். மாற்றிகள் ஒற்றெழுத்தை விழுங்கும் இடங்கள் உண்டு.

படத்துக்கு வருகிறேன். நேர் வெயிலில் எடுத்தால் செதுக்கிய கோடு தெரியாது. மாலையிலோ இருட்டிலோ டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழலோடு எழுந்து வரும். சுண்ணக்கட்டி, மாவு எதையும் தேய்க்க வேண்டாம். செல்போன் படத்தை அகலம் 1600 புள்ளிக்குக் குறைத்து ஏற்றினாலே நாலைந்து எம்பி இருப்பது சில நூறு கேபி ஆகிவிடும்.

ஒரு சாயங்காலம் அப்படி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து நின்றார்.

"ஏம்ப்பா, எங்க வேடியப்பன எதுக்குப் படம் புடிக்கிறீங்க?"

எங்கள் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுவார்கள். விவரம் சொன்னோம். கேட்டுவிட்டு, "போடுங்க. ஆனா ராத்திரில எவனாவது புதையல்னு தோண்ட வந்தா நாங்கதானே பாக்கணும்?" என்றார்.

அந்தக் கேள்வியால் தளத்தின் அமைப்பே மாறியது. செல்போனில் இடம் காட்டும் வசதி திறந்திருந்தால், எடுக்கிற படத்துக்குள்ளேயே அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்துவிடும். அதை நீக்கிவிட்டுத்தான் இப்போது ஏற்றுகிறோம். வரைபடத்தில் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்தான். அது சுமார் ஒரு கிலோமீட்டர் வட்டாரத்தைக் காட்டும், கல்லைக் காட்டாது. துல்லியமான இடம் குழுவின் கோப்பில் மட்டும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்ற கற்கள் தளத்திலேயே இல்லை. ஒரு நடுகல் ஊருக்குச் சாமி என்பதை நாங்கள் எந்த வசதிக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: எல்லாத் தகவலும் ஒரே விரிதாளில். அதிலிருந்து ஹியூகோ என்ற இலவச மென்பொருள் பக்கங்களை உருவாக்கித் தருகிறது. பொறியியல் படிக்கும் உறவுக்காரப் பையன் இரண்டு நாள் உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தான். வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடமும் அதைப் பக்கத்தில் காட்டும் லீஃப்லெட்டும், எழுத்துருவாக நோட்டோ தமிழ். தளத்தின் கோப்புகளைக் கிட்ஹப் என்ற இணையச் சேவையில் இலவசமாக வைத்திருக்கிறோம். தளப் பெயருக்கு மட்டும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். அதை ஒருவருடைய சொந்த எண்ணில் பதிவு செய்யாதீர்கள். எங்கள் பழைய பெயர் அப்படித்தான் போனது. பதிந்த நண்பர் எண்ணை மாற்றிவிட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்தியை யாரும் பார்க்கவில்லை. இப்போது குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்று பேரிடம்.

கடைசியாகச் சேர்த்த கட்டம் ஒன்று இருக்கிறது, உங்கள் தளத்திலும் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்: 'கடைசியாகப் பார்த்த நாள்'. ஊத்தங்கரைப் பக்கம் சாலையோரக் கல் ஒன்றைப் பதிந்திருந்தோம். அடுத்த வருடம் போனால் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள், கல்லைக் காணோம். பக்கத்து டீக்கடையில் விசாரித்ததில், ஊர்க்காரர்களே பெயர்த்து மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் நட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தோம், புது மஞ்சளோடு நின்றது. பழைய இடத்தை அழிக்காமல், கீழே புது இடத்தையும் அன்றைய தேதியையும் சேர்த்தோம்.