தனியாக ஓட்டினால் பாஸ், சேர்த்து ஓட்டினால் ஃபெயில்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, எனக்கு ஊர் தங்கச்சிமடம், வேலை ராமநாதபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில். விசைப்படகுகளின் ஏல வரவு, டீசல், ஐஸ் செலவு, கடைசியில் முதலாளிக்கு எவ்வளவு தொழிலாளிகளுக்கு எவ்வளவு என்று பங்கு போடும் பிஎச்பி புரோகிராம் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். கிளாஸ் கிளாஸாக எழுதியிருக்கிறார்கள், பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மெத்தடைத் திறந்தாலும் முதல் வரியிலேயே 'குளோபல்' (புரோகிராமில் எங்கிருந்தும் தொடக்கூடிய பொது மாறி) என்று போட்டு டேட்டாபேஸ், பங்கு விகிதம், டீசல் விலை எல்லாவற்றையும் வெளியிலிருந்து இழுக்கிறது. புரோகிராமின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் பழைய யூனிட் டெஸ்ட்கள் கொஞ்சம் இருந்தன, நானும் சில எழுதினேன். ஒவ்வொன்றாக ஓட்டினால் பாஸ் ஆகிறது, மொத்தமாக ஓட்டினால் நாலைந்து விழுகிறது. அதுவும் டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பிஎச்பியூனிட்டைப் புதுப் பதிப்புக்கு மாற்றிய பிறகுதான் இப்படி. எல்லாவற்றையும் திருப்பி எழுத நேரம் இல்லை என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, பதிப்பு மாற்றிய விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பழைய பிஎச்பியூனிட் ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் குளோபல் மாறிகளை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, டெஸ்ட் முடிந்ததும் சத்தமில்லாமல் பழையபடி திருப்பி வைத்துவிடும். 2017-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அந்த வேலையை நாமாகக் கேட்டால்தான் செய்யும். ஆகவே உங்கள் டெஸ்ட்கள் இப்போது புதிதாகக் கெடவில்லை, ஆரம்பத்திலிருந்தே ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டுதான் இருந்தன, கருவி அதை மறைத்துக்கொண்டிருந்தது.

அமைப்புக் கோப்பில் பேக்கப்குளோபல்ஸ் என்பதை ஆன் செய்தால் நாளைக்கே எல்லாம் பச்சையாகிவிடலாம். அவசரத்துக்குச் செய்துகொள்ளுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள். அது நகல் எடுப்பது சீரியலைஸ் செய்துதான், அதாவது மதிப்பை எழுத்துச் சரமாக மாற்றி. டேட்டாபேஸ் இணைப்பை வைத்திருக்கும் பிடிஓ ஆப்ஜெக்டை சீரியலைஸ் செய்ய முடியாது, உங்கள் குளோபல்களில் முதல் ஆளே அதுதான், அங்கேயே முறிந்துவிடும். கிளாஸுக்கே பொதுவாக இருக்கும் ஸ்டாட்டிக் மாறிகளையும் அது தொடாது, அதற்கு வேறு அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு டெஸ்டையும் தனி பிராசஸில் ஓட்டும் வழியும் உண்டு, பிரச்னை தீரும்தான், ஆனால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் பிஎச்பி புதிதாகக் கிளம்ப வேண்டும். நூறு டெஸ்ட் சேர்ந்ததும் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள், அப்புறம் ஓட்டுவதையே நிறுத்திவிடுவீர்கள்.

சரி, உண்மையான சிக்கல் எங்கே? பங்கு போடும் மெத்தட் வரவையும் செலவையும் மட்டும் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டுக்கு 80,000 ரூபாய் வரவு, 50,000 செலவு, மிச்சம் 30,000. முதலாளி பங்கு 60 சதவீதம் என்று வைத்தால் அவருக்கு 18,000. ஆனால் அந்த 60 எங்கிருந்து வந்தது? மெத்தடின் வாசலில் அது இல்லை, பின்வாசல் வழியாக வந்திருக்கிறது. முன்னால் ஓடிய ஏதோ ஒரு டெஸ்ட் அதை 50 ஆக்கிவிட்டுப் போயிருந்தால் இங்கே 15,000 வரும். முந்தின ஆள் விட்டுப்போன தண்ணீரை இறைக்காமல் வல்லத்தை எடுத்த கதைதான், திட்டு விழுவது எடுத்தவனுக்கு. விழுந்த டெஸ்டைப் பிடித்து மணிக்கணக்கில் பார்த்தாலும் அதில் ஒரு தப்பும் கிடைக்காது, ஏனென்றால் குற்றவாளி வேறொரு கோப்பில் பாஸ் ஆகி உட்கார்ந்திருக்கிறது.

அதனால் முதல் வேலை எல்லா குளோபலையும் ஒழிப்பது இல்லை, யார் யார் அதில் எழுதுகிறார்கள் என்று தேடுவது. ஆரம்பத்தில் ஒரு முறை வைத்துவிட்டு அப்புறம் யாரும் தொடாத குளோபல், உதாரணமாக கம்பெனி பெயர், பில் தலைப்பு, இதெல்லாம் அழகில்லைதான், ஆனால் டெஸ்டைக் கெடுக்காது, விட்டுவிடுங்கள். புரோகிராம் கோடின் நடுவில் எந்த மெத்தடாவது மதிப்பை மாற்றுகிறதா, அந்த குளோபலை முதலில் பிடியுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பங்கு விகிதமும் டீசல் விலையும்தான் அப்படி இருக்கும் என்று படுகிறது.

பிடித்த பிறகு, கோடில் கை வைக்காமல், இப்போது இருக்கிறபடியே அதற்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஓடும் செட்அப்பில் பழைய மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு வேண்டியதை வையுங்கள், டெஸ்ட் முடிந்ததும் ஓடும் டியர்டவுனில் திருப்பி வையுங்கள். டெஸ்டின் கடைசி வரியில் திருப்பி வைக்கலாமே என்று தோன்றும், கூடாது, நடுவில் அசர்ட் (விடை சரியா என்று பார்க்கும் வரி) விழுந்தால் கடைசி வரி ஓடவே ஓடாது. டியர்டவுன் எப்படியும் ஓடும்.

இந்த இடத்தில் பிஎச்பிக்காரர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது, டெஸ்ட்கள் தொடங்கும் முன் ஓடும் பூட்ஸ்ட்ராப் கோப்பு. அதில் டேட்டாபேஸ் மாறியைச் சாதாரணமாக வைத்துவிட்டு, டெஸ்டில் அது காலியாக வருகிறதே என்று தலையைச் சொறிவார்கள். பிஎச்பியூனிட் அந்தக் கோப்பை ஒரு ஃபங்ஷனுக்குள்ளிருந்து இன்க்ளூட் செய்கிறது, ஆகவே நீங்கள் அங்கே வைத்த மாறி அந்த ஃபங்ஷனின் உள்மாறி, குளோபலே இல்லை. குளோபல்ஸ் என்ற அரேயில் பெயர் சொல்லி வைத்தால்தான் வெளியே தெரியும்.

டெஸ்ட் பாஸ் ஆனதும் கிளாஸில் ஒரே ஒரு மாற்றம். ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் பங்கு விகிதம் என்று ஒரு அளபுருவை (வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) சேருங்கள், எதுவும் கொடுக்காவிட்டால் அதன் முன்னிருப்பு 'நல்', அதாவது மதிப்பு இல்லை என்பது. 'நல்' என்றே வந்தால் பழையபடி குளோபலிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், மதிப்பு வந்தால் அதையே வைத்துக்கொள்ளட்டும். மெத்தடுகளுக்குள் இருக்கும் 'குளோபல்' வரியை அடித்துவிட்டு அந்த ஆப்ஜெக்டின் சொந்த மாறியைப் படிக்கச் செய்யுங்கள். ஏற்கெனவே இந்தக் கிளாஸைக் கூப்பிடும் இடங்கள் எத்தனை இருந்தாலும் ஒரு வரிகூட மாற வேண்டாம், டெஸ்டில் மட்டும் நீங்கள் நேராக 60 என்று கொடுக்கலாம், 50 என்று கொடுக்கலாம், யாரும் யாரையும் மிதிக்க மாட்டார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இப்போது விகிதம் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே படிக்கப்படுகிறது, முன்பு மெத்தடைக் கூப்பிடும்போது படிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் யாராவது குளோபலை மாற்றினால் விடை மாறிவிடும். அந்த மாதிரி இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

டேட்டாபேஸும் இதே வழிதான், ஆனால் பிடிஓவை அப்படியே உள்ளே அனுப்பி அதற்கு மாக் (டெஸ்டுக்கான போலி ஆப்ஜெக்ட்) எழுதிக்கொண்டிருக்காதீர்கள், டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்கியூஎல் வாக்கியங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டெஸ்ட்தான் மிஞ்சும். பங்குக் கணக்குக்கு உண்மையில் தேவை 'இந்தப் படகின் இந்தப் பயணச் செலவைக் கொடு' என்ற ஒன்றுதான். அதை மட்டும் சொல்லும் சின்ன இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் வேண்டும் என்ற பட்டியல்), நிஜத்தில் டேட்டாபேஸ் பார்க்கும் ஒரு கிளாஸ், டெஸ்டில் அரேயிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பத்து வரிக் கிளாஸ். போதும்.

இடையிடையே டெஸ்ட்களை வரிசை கலைத்து ஓட்டிப் பாருங்கள், ஆர்டர்-பை என்பதற்கு ரேண்டம் என்று கொடுத்தால் கலைத்து ஓட்டும், எந்த வரிசையில் விழுந்ததோ அதே வரிசையைத் திரும்ப ஓட்ட, அந்த வரிசைக்கு அடிப்படையான விதை எண்ணும் காட்டும். மேலே இருப்பவர்களிடம் 'மாற்றி எழுதுகிறேன்' என்று அனுமதி கேட்காதீர்கள், கிடைக்காது. எந்தக் கிளாஸில் கை வைக்க வேலை வருகிறதோ அன்றைக்கு அந்தக் கிளாஸை மட்டும் இப்படிச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: சார், நான் கீழக்கரை வாசகி. பைதானில் 'இன்று விசைப்படகு கடலுக்குப் போகலாமா' என்று சொல்லும் ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறேன். குளோபல் மாறி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பாஸ் ஆன டெஸ்ட் ஏப்ரல் 15 காலையில் விழுந்தது. கோடில் யாரும் கை வைக்கவில்லை.

பதில்: குளோபல் இல்லை என்கிறீர்கள், கடிகாரம் இருக்கிறதே. மெத்தடுக்குள் இன்றைய தேதியைக் கேட்கும் வரி எதுவோ அதுதான் உங்கள் குளோபல், தானாகவே மாறிக்கொண்டும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அன்றைக்குப் 'போகலாம்' என்று எதிர்பார்த்த டெஸ்ட் விழத்தானே செய்யும்? கிளாஸ் சரியாகத்தான் சொன்னது.

பைதானின் டேட் கிளாஸில் டுடேயை நேராக மாற்றி வைக்கப் பார்த்தால் விடாது, அது சி மொழியில் எழுதிய உள்ளமைந்த வகை. உங்கள் மாட்யூலில் டேட் என்ற பெயரையே பேட்ச் செய்யலாம் (டெஸ்டின்போது மட்டும் வேறொன்றாக மாற்றி வைக்கலாம்), ஆனால் இங்கே எளிய வழி தேதியை அளபுருவாக வாங்குவதுதான். வாங்கும்போது, முன்னிருப்பு மதிப்பாக, ஃபங்ஷனைத் தொடங்கும் டெஃப் வரியிலேயே டுடே என்று கூப்பிட்டு வைத்துவிடாதீர்கள். பைதான் அந்த வரியை ஃபங்ஷனை உருவாக்கும்போது ஒரே முறைதான் கணக்கிடும், ஏப்ரல் 10-இல் கிளம்பிய சர்வர் மே மாதத்திலும் ஏப்ரல் 10 என்றே நினைத்துக்கொண்டு 'போகலாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். 'நன்' (பைதானில் மதிப்பு இல்லை என்பது) என்று வைத்து, ஃபங்ஷனுக்கு உள்ளே தேதியைக் கேளுங்கள்.

தேதி கைக்கு வந்துவிட்டால் ஏப்ரல் 14, 15, ஜூன் 14, 15 என்று எல்லை நாட்கள் நாலையும் சோதிக்கலாம். இதில் ஒரு வேடிக்கை. ராமேசுவரம் பக்கம் விசைப்படகுக்கு திங்கள், புதன், சனி, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்பது ஏற்பாடு. உங்கள் கிளாஸ் அதையும் பார்த்தால், 2025 ஜூன் 15 ஞாயிறு, தடை முடிந்தும் விடை 'கூடாது'. 2026 ஜூன் 15 திங்கள், விடை 'போகலாம்'. ஆகவே டெஸ்டில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். கிழமையைக் கேட்கும்போது வீக்டே திங்களை 0 என்கிறது, ஐஎஸ்ஓவீக்டே 1 என்கிறது, இரண்டையும் கலந்துவிட்டால் படகுகள் ஒரு நாள் தள்ளிப் போகும்.

சர்வர் எந்த நேரத்தில் ஓடுகிறது என்றும் பாருங்கள். யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் நம் ஊர் நள்ளிரவிலிருந்து விடிகாலை 5:30 வரை அதற்கு முந்தின நாள்தான், தடைக்காலத்தின் முதல் சில மணி நேரம் தப்பாகச் சொல்லும். கன்னியாகுமரி மேற்குக் கரைக்கும் இதைக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் தடைத் தேதிகளையும் வெளியிலிருந்து வாங்குங்கள், அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

கேள்வி: ஜாவாவில் குளோபல் மாறியே கிடையாது, நாங்கள் சிங்கிள்டன் (புரோகிராம் முழுக்க ஒரே ஒரு ஆப்ஜெக்ட்) போடுகிறோம். எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே? – தொண்டி வாசகர்

பதில்: உண்டு. ஜாவாவின் டெஸ்ட் கருவி ஜேயூனிட் ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும் டெஸ்ட் கிளாஸின் புது ஆப்ஜெக்டை உருவாக்கும், ஆனால் ஸ்டாட்டிக்கில் உட்கார்ந்திருக்கும் சிங்கிள்டனைத் தொடாது, முந்தின டெஸ்ட் விட்டுப்போனபடியே இருக்கும். டெஸ்ட்களைப் பல திரெட்டில், அதாவது ஒரே சமயத்தில் பக்கம் பக்கமாக, ஓட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அதில் எழுதுவார்கள், ஒரு நாள் விழும், மறுநாள் விழாது, இதைவிடக் கொடுமை இல்லை. சிங்கிள்டனை எடுத்துத் தரும் கெட்இன்ஸ்டன்ஸ் என்ற அழைப்பு, புரோகிராம் தொடங்கும் மெயினுக்கு அருகில் ஒரே இடத்தில் இருக்கட்டும், மற்றவர்களுக்கு கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள்.

கேள்வி: புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் எங்கள் துறைமுகத்துக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதை குளோபலாக வைத்தால் என்ன தப்பு? – பாம்பன் வாசகர்

பதில்: நல்ல கேள்வி. துறைமுகத்தில் ஒன்றுதான், டெஸ்டில் அப்படி இல்லையே. கூண்டு ஏற்றாத நிலை, 1, 3, 10 எல்லாம் ஒரே நொடிக்குள் அடுத்தடுத்து வேண்டும், அதற்காகத்தான் எண்ணை உள்ளே கொடுக்கச் சொல்கிறேன். நிஜ ஓட்டத்தில் ஒரே இடத்திலிருந்து படித்து எல்லாருக்கும் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? கூடவே 11-க்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அது 10-ஐவிடப் பெரிய புயல் இல்லை, எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதைக் குறிப்பது. உங்கள் புரோகிராமுக்கே எண் வந்து சேராமல் காலியாக இருந்தால் என்ன சொல்லும் என்பதற்கு இன்னொரு டெஸ்ட். பல புரோகிராம்கள் காலியை 0 என்று எடுத்துக்கொண்டு 'போகலாம்' என்று சொல்லிவிடுகின்றன.