வள்ளத்தில் போய் நீர்ச்சுழலைப் படம் எடுப்பது பற்றி

தம்பி, நிலாவெளிக் கரையிலிருந்து பார்த்த நீர்ச்சுழலை, அதாவது முகிலிலிருந்து கடல்வரை தூண்போல இறங்கும் சுழல்காற்றை, அடுத்த முறை வள்ளத்தில் கிட்டப்போய் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் 2013 மே 31 அன்று எல் ரீனோ என்ற ஊர்ப்பக்கம், தரையில் வரும் இதே மாதிரிச் சுழல்காற்றான டொர்னாடோ ஒன்று திடீரென்று திசை மாறி, கிட்டத்தட்ட 4.2 கிலோமீற்றர் அகலத்துக்கு விரிந்தபோது, பல வருடம் இதையே ஆய்வு செய்த டிம் சமாரஸ், அவருடைய மகன், கூட்டாளி மூன்று பேருமே தப்பவில்லை. அவர்களுக்கு ஓட ரோட்டாவது இருந்தது. சுழல் இடம் மாறாமல் நின்று பெருத்துக்கொண்டே போவது போலத் தெரிந்தால் அது உங்களை நோக்கித்தான் வருகிறது, ஆட்கள் ஏமாறுவது இதில்தான். கடலில் மாட்டிக்கொண்டால் அது போகும் திசைக்குக் குறுக்கே ஓட்டி விலகுங்கள். படம்தானே, கரையில் கல்வீட்டு யன்னலுக்குள் நின்று ஸூம் பண்ணுங்கள், இடி கேட்டால் மொட்டைமாடிக்கு ஏறவே வேண்டாம்.