கணக்குத் தப்பி வந்த சம்பளம்: பேரணாம்பட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, இங்கிலாந்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பழைய கேர் ஹோம் வேலையை விட்டு ஆறு வாரம் ஆன பிறகும் அவர்கள் இன்னொரு மாதச் சம்பளத்தை, 1,790 பவுண்டை, உங்கள் அக்கவுண்டில் போட்டிருக்கிறார்கள். திருப்பித் தரணுமா, சும்மா இருந்தால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஜாக்கெட் எங்கே வாங்குவது, ரூம் எந்த ஏரியாவில் பார்ப்பது என்றும். ஜாக்கெட் எந்தக் கடையிலும் கிடைக்கும். ரூம் வேலைக்குப் பக்கத்தில் பாருங்கள், போதும். பணத்துக்கு வருகிறேன்.

கொடுத்துவிடுங்கள். ஆனால் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் குடியாத்தத்துக்காரி. வேலூரில் நர்சிங் முடித்து, அம்மாவின் வளையலை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கொடுத்து, 2003 நவம்பரில் ஸ்டோக் பக்கம் வந்தேன். நர்ஸ் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். வெளிநாட்டு நர்ஸ் இங்கே பதிவு வாங்குவதற்கான பயிற்சி, அடாப்டேஷன் என்பார்கள், அது முடியும் வரை கேர் அசிஸ்டென்ட் சம்பளம்தான், மணிக்கு 5 பவுண்டு. ஆறு மாதம் கழித்துப் பதிவு எண் வந்ததும் வேறு இடத்துக்கு மாறினேன். அடுத்த மாதம் பழைய இடத்திலிருந்து 730 பவுண்டு வந்து விழுந்தது. எனக்கு முன்னால் வந்து வீடு வாங்கி உட்கார்ந்திருந்த நம்ம ஊர்க்காரர் ஒருவர், "வெள்ளைக்காரன் கணக்கு, யாரும் பார்க்க மாட்டான், பேசாமல் இரு" என்றார். பேசாமல் இருந்தேன். என் தம்பியின் பாலிடெக்னிக் ஃபீசுக்கு அனுப்பியும் விட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து, விலாசம் தெரிகிற கண்ணாடித்தாள் வைத்த கவர் ஒன்று வந்தது. 866 பவுண்டு கட்டு, இல்லையென்றால் கோர்ட்டு என்று. அந்த ஊர்க்காரரைக் கூப்பிட்டேன், போனை எடுக்கவே இல்லை. பொங்கல் விழாவில் மைக் பிடிப்பவர்கள் எல்லாம் சட்டம் தெரிந்தவர்கள் என்று நம்பாதீர்கள் தம்பி. புதிதாக வந்தவர்கள் கெடுவது பாதி இவர்கள் பேச்சைக் கேட்டுத்தான்.

சட்டம் இங்கே தெளிவாகத்தான் இருக்கிறது. தவறாக வந்த சம்பளத்தை இங்கிலாந்தில் 6 வருடம் வரை கோர்ட்டில் கேட்கலாம். அடுத்தவர் தவறால் வந்தது என்று தெரிந்தே அமுக்கினால் 1968ஆம் வருடத் திருட்டுச் சட்டத்திலேயே மாட்டலாம். 1980களில் ஒரு பெண் போலீசுக்கு 74 பவுண்டு 74 பென்ஸ் அதிகமாக ஏறிய விஷயம் அப்பீல் கோர்ட் வரை போயிருக்கிறது. 74 பவுண்டுக்கே அப்படி என்றால் 1,790ஐ யோசித்துப் பாருங்கள். கோர்ட்டில் தீர்ப்பாகி ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது 6 வருடம் ரெகார்டில் நிற்கும், பிற்பாடு வீட்டுக்கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். மற்றபடி பழைய முதலாளி விசாவைச் சொல்லி மிரட்டினால் நடுங்க வேண்டாம். மறைக்காமல் எழுதிக் கேட்டுத் திருப்பிக் கொடுக்கிற வரை இது கொடுக்கல் வாங்கல் விஷயம்.

இப்போது முக்கியமானது. என்னிடம் ஏன் 866 கேட்டார்கள்? வரியும், நேஷனல் இன்ஷூரன்ஸ் என்கிற கட்டாயப் பிடித்தமும் போவதற்கு முந்தைய தொகை அது. என் கைக்கு வந்தது 730. உங்களிடமும் 2,083 என்று கேட்கலாம். கைக்கு வந்ததைத்தான் தருவேன் என்று எழுதுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடிகிறது. அதற்குள் கொடுத்தால் பிடித்த வரியை அவர்களே சுலபமாகச் சரிசெய்துகொள்ளலாம். திருத்திய பேஸ்லிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் முன்னால், எடுக்காத லீவுக்குப் பணம் வந்ததா என்று பாருங்கள். வாரம் 5 நாள் வேலைக்கு வருடத்துக்கு 28 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. விட்டுப் போகும்போது மிச்ச நாளுக்குக் காசு தரவேண்டும். நீங்கள் அதிகம் என்று நினைப்பதில் ஒரு பங்கு உங்களுடையதாகவே இருக்கலாம்.

மேனேஜர் போன் பண்ணி, கேஷாகக் கொண்டு வா, என் சொந்த அக்கவுண்டுக்குப் போடு என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பேப்பரில் முழுச் சம்பளம் காட்டிவிட்டு, பின்பக்கமாகப் பாதியைக் கேட்டு வாங்குகிற இடங்கள் இங்கே இருக்கின்றன. அதை நடத்துபவர்களில் நம் ஆட்களும் உண்டு, சொல்லவே வயிறு எரிகிறது. எல்லாம் ஈமெயிலில், கம்பெனி அக்கவுண்டுக்கு மட்டும். சந்தேகம் வந்தால் வேலை சம்பந்தமான உரிமைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) ஹெல்ப்லைனுக்குப் பேசுங்கள், ஆலோசனைக்குக் காசு கிடையாது.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? இஸ்திரி போடும் பலகை மேல் ஆறு பேஸ்லிப்பையும் வரிசையாக வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அப்பா லுங்கி நெய்தவர். முதலாளி நூலை எடை போட்டுத்தான் கொடுப்பார். மிச்ச நூலைச் சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போகும்போது அப்பா முதலில் கூலிச் சீட்டை வாங்கிப் பார்ப்பார், அப்புறம்தான் பையைத் திறப்பார். அதே மாதிரி பார்த்ததில் ஆறு நாள் லீவுப் பணம் எனக்கு வரவே இல்லை என்று தெரிந்தது, கைக்கு 190 பவுண்டு. அகராதியைப் பக்கத்தில் வைத்து நானே லெட்டர் எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். மீதி 540ஐ மாதம் 45 வீதம் பன்னிரண்டு தவணையில் கட்டினேன். நைட் ஷிப்ட் முடிந்து முதல் பஸ்ஸில் வரும்போது, ஒவ்வொரு தவணையாக விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருவேன்.

பாக்கி இல்லை என்று அவர்கள் கடைசியில் அனுப்பிய லெட்டரின் ஜெராக்ஸை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அடுத்த முறை குடியாத்தம் போனபோது பார்த்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அப்பா, தறிக்கு மேலே தொங்கிய கம்பியில், கூலிச் சீட்டுகளோடு சேர்த்து அதையும் குத்தி வைத்திருந்தார்.