மீன்கார அக்கா வரி கட்டுவதில்லையா?

வாசகர் கேள்வி

"எனக்கு வயது 34. கடலூர் முதுநகரில் அம்மாவின் வீட்டில் குடியிருக்கிறோம். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆண்டுச் சம்பளம் 11,40,000 ரூபாய். பிடித்தம் எல்லாம் போகக் கையில் வருவது மாதம் 78,000. கார் கடனுக்கு 14,500, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு 13,000 போகிறது. கிரெடிட் கார்டில் 80,000 பாக்கி. அம்மாவுக்கு ஜிப்மரில் இதய வைத்தியம் நடக்கிறது.

2024 ஜூலையில் ஒரு ஏஜென்ட், நான் கொடுக்காத வாடகையையும் ஏதோ ஒரு கட்சிக்குக் கொடுத்ததாக நன்கொடையையும் காட்டி 45,760 ரூபாய் ரீஃபண்ட் வாங்கித் தந்தார். அதில் பத்து சதவீதம் அவருக்கு. இந்த வருடமும் கூப்பிடுகிறார். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. பெரும் பணக்காரர்கள் வரி கட்டுவதில்லை. எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒரு ரூபாய் வரி கட்டாமல் மாதம் ஆயிரம் உரிமைத்தொகை வாங்குகிறார், பஸ்ஸில் ஓசியில் போகிறார். நடுவில் மாட்டிக்கொண்ட நான் மட்டும் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும்? பாண்டிக்கு வந்து பெட்ரோல் போடுவதையே என் மாமனார் வரி ஏய்ப்பு என்கிறார்."

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர் முதுநகர்

பதில்

தம்பி, முதலில் பெட்ரோல் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. தமிழ்நாடும் புதுச்சேரியும் தனித்தனியாக வாட் வரி போடுகின்றன, புதுச்சேரியில் குறைவு. பெண்ணையாற்றைத் தாண்டி முள்ளோடைக்கு வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்பினால் எந்தச் சட்டமும் உங்களைக் கேட்காது. அதே முள்ளோடையில் இருந்து டிக்கியில் மது பாட்டில்களை அடுக்கிக்கொண்டு போனால் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வண்டியோடு நிறுத்தி வைப்பார்கள். ரோடு ஒன்றுதான், வண்டியும் ஒன்றுதான். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஏஜென்ட் உங்களுக்குச் செய்து கொடுத்தது டிக்கி வேலை. உங்கள் மனைவிக்கு அது புரிந்திருக்கிறது.

நான் பாண்டியில் முப்பது வருடம் வியாபாரிகளுக்கும் சம்பளக்காரர்களுக்கும் கணக்கு எழுதியவள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கை தானாகக் கணக்குப் போட்டது. 11,40,000-இல் சம்பளக்காரர் எல்லாருக்கும் உண்டான நிலையான கழிவு 75,000 போனால் 10,65,000. 2025-26 நிதியாண்டில் இருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். சம்பளக்காரருக்கு அது 12,75,000 வரை. ஆக, நேர் வழியில் நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரி ஒன்றுமே இல்லை! அலுவலகத்தில், வாடகை, சேமிப்பு என்று கழிவு காட்டுகிற பழைய முறையைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்திருப்பீர்கள், அதனால் மாதாமாதம் பிடிக்கிறார்கள். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடும்போது புதிய முறையில் போட்டால், பிடித்தது அத்தனையும் திரும்பி வரும். பத்து சதவீதம் யாருக்கும் தர வேண்டாம். இதைச் சொல்லாத ஒருவர் உங்களுக்கு எதற்கு?

சரி, இப்போது மீன்கார அக்கா. அந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இனிமேல் வருமான வரி கட்டாதவர்கள் வரிசையில் நீங்களும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அப்படியானால் நாளை முதல் நீங்கள் அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதவரா? இல்லை என்று உடனே சொல்வீர்கள், எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டுகிறேனே என்பீர்கள். அதே பதிலை அவருக்கும் கொடுங்கள்.

பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் மீன் விற்ற காசில் அவர் வாங்குகிற பொருளுக்கு உண்டு. 200 ரூபாய்க்கு போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 30 ரூபாய் 50 பைசா வரி. அவர் மாதம் 15,000 சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், வருமானத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு அந்த ஒரு ரீசார்ஜுக்கே வரியாகப் போகிறது. மாதம் பத்து லட்சம் வருகிறவரும் அதே 30 ரூபாய் 50 பைசாதான் கொடுக்கிறார். அவர் வருமானத்தில் அது முப்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சோப்பு, பற்பசை, ஹேர் ஆயில் எல்லாவற்றுக்கும் 2017 ஜூலையில் இருந்து எட்டு வருடம் 18 சதவீதம் வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22-இல்தான் அது 5 ஆனது.

அரிசியில் நடப்பதைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிய அரிசிப் பை 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. அதனால்தான் மளிகைக் கடைகளில் திடீரென்று 26 கிலோ மூட்டை வந்தது. ஒரே தடவையில் 26 கிலோவுக்குக் காசு எடுத்து வைக்க முடிகிறவருக்கு வரி இல்லை. ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவர் வரி கட்டிவிட்டுத்தான் உலை வைக்கிறார். கையில் காசு குறையக் குறைய வரி கூடுகிற இந்த மாதிரி இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இன்றும் வருகிறது. வருகிற காசு முழுவதையும் வாங்கிச் சாப்பிட்டே தீர்க்கிற குடும்பத்துக்கு, செலவின் மேல் போடுகிற வரி ஏறக்குறைய முழு வருமானத்தின் மேலும் விழுகிறது. சம்பளத்தில் பாதியைச் சேமிக்கிறவருக்கு மீதிப் பாதி மேல்தான் விழும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் மீன் குறைந்துபோகும். அந்த நாட்களில் அவர் எதை விற்று எதைச் சாப்பிடுகிறார் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். உரிமைத்தொகையாக வரும் அந்த ஆயிரம் ரூபாய், தண்டல்காரரிடம் கைநீட்டாமல் சில நாள் தள்ள உதவும், அவ்வளவுதான். ஓசி என்ற சொல்லை அவர் காதுபட ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள்.

மேலே இருப்பவர்கள் பேரில் உங்களுக்கு இருக்கும் கோபம் வேறு. வரியே கட்டுவதில்லை என்பது சரியில்லை, ஒரு கோடி சம்பளம் வாங்குகிறவர் புதிய முறையில் சுமார் 29 லட்சம் கட்டுகிறார். ஆனால் அதே ஒரு கோடி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்ற லாபமாக வந்தால் அதில் பாதிகூட வராது. காரணம் அதற்கு வரி 12.5 சதவீதம்தான், சம்பளத்தின் மேல் படிக்கு 30. பரம்பரையாக வருகிற சொத்துக்கு இருந்த எஸ்டேட் வரியை 1985-இல் எடுத்தார்கள். செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போயிற்று, பதிலுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குச் வரிக்கு மேல் போடும் வரியான சர்சார்ஜைக் கொஞ்சம் கூட்டினார்கள். பண்ருட்டிப் பக்கம் பெரிய முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கும் அரைக்காணி வைத்திருப்பவருக்கும் விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதில் வித்தியாசமே கிடையாது. உடம்பு நோக உழைத்து வருகிற பணத்துக்கு ஒரு விகிதம், உட்கார்ந்த இடத்தில் வளர்கிற பணத்துக்குப் பாதி விகிதம் என்பதை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள், தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். மாற்ற முடிகிற விஷயம்தான் இது. சோப்புக்கு 18 என்பது 5 ஆனதே.

ஆனால் தம்பி, அந்தக் கோபத்தில் நீங்கள் கை வைத்த இடம் எது என்று யோசித்தீர்களா? ஜிப்மர் மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. உங்கள் அம்மாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கிற டாக்டருக்குச் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. அக்காவின் ரீசார்ஜில் பிடித்த 30 ரூபாயில் பாதி மத்திய ஜிஎஸ்டியாகப் போய்ச் சேர்வதும் அதே கல்லாவில். 45,760 ரூபாயை எடுத்ததும் அதிலிருந்துதான். உங்களை ஆத்திரப்படுத்திய பணக்காரருக்கு அதனால் ஒரு பைசா குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். அரசு போட்ட வரியைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், கிரெடிட் கார்டைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதினீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அந்த வாக்கியம்தான். பல கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதம் வரை போகிறது. அந்தக் கணக்குக்கு 80,000-க்கு மாதம் 2,800 வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அது 504. ஆக 3,304. குறைந்தபட்சத் தொகை என்று 4,000 கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், கடனில் குறைந்தது 696 ரூபாய். அந்த 504 ரூபாயை எந்த நிதியமைச்சரும் உங்கள் மேல் சுமத்தவில்லை. கார்டைத் தேய்த்த நாளில் நீங்களாக ஏற்றுக்கொண்ட வரி அது, பாக்கி குறையாமல் நின்றால் வருடத்துக்கு 6,048 ரூபாய். இதை மீன்கார அக்கா கட்டவில்லை, பெரிய பணக்காரரும் கட்டவில்லை. பாக்கி வைத்திருக்கிற நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தங்கை கல்யாணத்தை எடுத்துச் செய்த அண்ணன் நீங்கள், அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கிறீர்கள். ஆனால் ஊரில் யாருமே நியாயமாக இல்லை என்று நினைக்க ஆரம்பித்தால் நம் வீட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கத் தோன்றாது. என்னிடம் கணக்கு எழுத வந்தவர்களில் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். அரசைத் திட்டிக்கொண்டே வட்டிக் கடையில் நகையை முழுகவிட்டார்கள்.

இனி வேலையைப் பார்ப்போம். அலுவலகத்தில் புதிய வரி முறை என்று எழுதிக் கொடுங்கள். சேமிப்புக்கான 80சி கழிவு முழுவதும் காட்டியிருந்தாலும் பழைய முறையில் உங்களுக்குப் பிடிப்பது மாதம் எட்டாயிரத்துக்கு மேல் இருக்கும். அது கையில் வந்ததும் ஒரு ரூபாய் வீட்டுச் செலவுக்குப் போகக் கூடாது, அப்படியே கார்டுக்குப் போகட்டும். குறைந்தபட்சத்தோடு இதையும் சேர்த்தால் மாதம் பன்னிரண்டாயிரம். புதிதாக எதையும் அந்தக் கார்டில் வாங்காமல் இருந்தால் எட்டு, ஒன்பது மாதத்தில் பாக்கி முடிந்துவிடும். இந்த வருடத்துக்கு ரீஃபண்ட் வந்தால் அதைத் தொடாதீர்கள், அடுத்து சொல்லப்போவதற்கு வேண்டும்.

2024-இல் வாங்கியதைத் திருப்பிக் கட்டிவிடுங்கள். புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது. பொய்யாகக் காட்டிய கழிவை எடுத்துவிட்டு வரியையும் வட்டியையும் கட்டலாம். உங்கள் கணக்கில், 2026 மார்ச்சுக்குள் என்றால் அந்தத் தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல், 2027 மார்ச் வரை 50, அதற்கடுத்த வருடங்களில் 60, 70. வலிக்கும்தான். ஆனால் அவர்களாகக் கண்டுபிடித்தால் தவறான தகவல் கொடுத்ததற்கு அபராதம் வரியில் 200 சதவீதம் வரை போகும், உங்களுக்கு அது 91,520 ரூபாய். வரியும் வட்டியும் அதற்கு மேல். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்வார். 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை போட்டது இந்த மாதிரி ஏஜென்ட்களைத் தேடித்தான். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள். நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களும் அதைச் செய்வது நல்லது. நல்ல ஆடிட்டர் ஒருவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், இன்று ராத்திரியே ஒரு காரியம். வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, அதில் இருக்கும் மெயில் முகவரியும் போன் எண்ணும் உங்களுடையதா என்று பாருங்கள். இப்படிப்பட்ட ஏஜென்ட்கள் தற்காலிகமாக ஒரு மெயிலை உண்டாக்கிப் போட்டுவிட்டுப் பிறகு அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உங்களுக்கு வந்த நோட்டீஸ் அங்கே படிக்கப்படாமல் கிடக்கலாம். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.