வாழைத்தோட்டத்தில் சும்மா ஓடும் ரோபோ

ஆரல்வாய்மொழி வாழைத்தோட்டத்தில் காவலுக்கு விட்ட ரோபோ, சென்சார்கள் தரும் பொய் அலாரத்துக்கெல்லாம் ஓடி பேட்டரி தீர்ந்துபோகிறது என்கிறீர்கள். கோளாறு ரோபோவில் இல்லை. தோட்டத்தில் இருக்கும் பிஐஆர் சென்சாருக்கு (வெப்ப மாற்றத்தை வைத்து அசைவைக் கண்டுபிடிப்பது) ஆளும் தெரியாது, பன்றியும் தெரியாது. எதிரே வெப்பம் மாறினால் அலாரம் அடிக்கும். வெயிலில் காய்ந்த வாழைச்சருகு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஆடினாலே போதும்.

காற்றடித்தால் நாலைந்து சென்சார் ஒன்றாக அடிக்கும். நடந்து வருகிற ஆளோ ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததுக்கு வருவார். அதனால் பக்கத்துப் பக்கத்து சென்சார்கள் சில நொடி இடைவெளியில் வரிசையாக அடித்தால் மட்டும் ரோபோ கிளம்பட்டும். முதலில் இதைச் செய்யுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

அப்புறம், சென்சார் ரோபோவுக்கு அனுப்புவது வைஃபை மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் என்றால், ஈர இலை அதை விழுங்கிவிடும். லைசென்ஸ் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸில் லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் ரேடியோ) போடுங்கள். கீழே தொங்கும் சருகையும் அறுத்துவிடுங்கள்.